ஒலக்கூர் ரோட்டில் சிந்திய எண்ணெய்

திண்டிவனத்துக்கு வடக்கே இருக்கிறது ஒலக்கூர். சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே பறக்கிறவர்களுக்கு அது ஒரு பெயர்ப்பலகை. செங்கல்பட்டு - விழுப்புரம் ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு சின்ன ஸ்டேஷன். எனக்கு, என் காரின் அடிவயிறு கிழிந்த ஊர்.

போன கோடையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் ஐந்து பேர். போதாததற்கு, சாலையோரக் குவியலில் பேரம் பேசி வாங்கிய ஆறு தர்பூசணிகள் டிக்கியில். ஒலக்கூர்ப் பக்கம் உள்சாலை ஒன்றில் திரும்பியபோது ஒரு வேகத்தடை. வெள்ளைப் பட்டை இல்லை, பலகை இல்லை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. இறங்கிய கையோடு கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அரைக் கிலோமீட்டர் போனதும் ஒரு வளைவில், டேஷ்போர்டில் அலாவுதீன் விளக்கு மாதிரி இருக்குமே, அந்தச் சிவப்புப் படம் மினுக்கிவிட்டு அணைந்தது. நேர்சாலையில் ஒன்றுமில்லை. அடுத்த வளைவில் மறுபடியும் மினுக்கியது. புளியமரத்தடியில் நிறுத்தி இறங்கிப் பார்த்தால், வந்த வழி நெடுகக் கறுப்பாக ஒரு கோடு.

டிராக்டரில் வந்த ஒருவர் கயிறு கட்டி இழுத்துப்போய்ப் பட்டறையில் விட்டார். மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். குனிந்து ஒரு பார்வை பார்த்தார்.

“சம்ப் போயிடுச்சு சார். லைட் எரிஞ்சப்புறம் எவ்ளோ தூரம் ஓட்டினீங்க?”

“ரெண்டு தடவை மினுக்குச்சு, நிறுத்திட்டேன்.”

“அப்ப இன்ஜின் பொழைச்சுது.”

அமெரிக்கர்கள் இந்தப் பாகத்தை ஆயில் பேன் என்பார்கள். அப்படியே தமிழாக்கினால் வடை சுடுகிற எண்ணெய்ச் சட்டி ஆகிவிடும். நம் பட்டறைகளில் ஆயில் சம்ப். சிலர் வாயில் சேம்பர். சம்ப் நமக்குப் புதிய சொல்லும் இல்லை. வீட்டு வாசலில் தண்ணீருக்குத் தோண்டி வைத்திருக்கிறோமே, அதுவும் சம்ப்தான். ஏற்பாடும் கிட்டத்தட்ட அதேதான். கீழே தொட்டி, அதில் முங்கிக் கிடக்கும் வடிகட்டி, மேலே ஏற்ற ஒரு பம்ப். காரில் கூடுதலாக ஒன்று: மேலே ஏறிய எண்ணெய் வேலையை முடித்துக்கொண்டு வழிந்து திரும்பவும் தொட்டிக்கே வந்துவிடும். மூன்றரை லிட்டர் எண்ணெய்தான் ஓயாமல் சுற்றிச் சுற்றி வருகிறது.

வளைவில் மட்டும் விளக்கு ஏன் மினுக்கியது என்பது கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். தண்ணீர் கீழே போனால் புட்வால்வு காற்றை இழுக்கும், மோட்டார் வெறுமனே உறுமும். என் வண்டியில் எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. நேராகப் போகும்போது வடிகட்டி எப்படியோ முங்கியிருந்தது. வளைவில் எண்ணெய் எல்லாம் ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ள, பம்ப் காற்றைக் குடித்தது. இதைத் தடுக்கத்தான் சம்ப்புக்குள் குறுக்குத் தகடுகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் தொட்டியே காலியாகும்போது தகடு என்ன செய்யும்? இன்னொன்று, அந்தச் சிவப்பு விளக்கு எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே கிடையாது. எண்ணெயின் அழுத்தம் அறவே விழுந்தால்தான் எரியும். அது எரிந்தால் வருவது எச்சரிக்கைக் கடிதம் என்று நினைக்கிறோம். ஏறக்குறைய சாவு ஓலை.

ஏன் அப்படி? கிராங்க் தண்டு பேரிங்கின் மேல் உட்கார்ந்து சுற்றுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். ஓடுகிற இன்ஜினில் தண்டு பேரிங்கைத் தொடுவதே இல்லை. நடுவே சில மைக்ரான் தடிமனில் ஒரு எண்ணெய்ப் படலம். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இது தெரியவந்த கதை ரயில் பெட்டிகளிலிருந்து தொடங்குகிறது. 1883-இல் பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பீச்சம் டவர் என்பவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்ற ஆரம்பித்ததும் அந்தத் துளை வழியே எண்ணெய் பொங்கி வெளியே வந்தது. தக்கையால் அடைத்தார், பிதுங்கி வந்துவிட்டது. மரக்கட்டையைச் செருகினார்; அதுவும் வந்துவிட்டது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டும் மானியில் முள் அதையும் தாண்டிப் போனது. நம் கார் டயரில் நாம் பிடிக்கும் காற்று 30, 32 பவுண்டுதான்.

1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். சுற்றுகிற தண்டு எண்ணெயைத் தன்னோடு ஒட்டி இழுத்துக்கொண்டு போய், குறுகலான இடுக்குக்குள் ஆப்பு அடிப்பதுபோலத் திணிக்கிறது. அந்த ஆப்புதான் தண்டைத் தூக்கி நிறுத்துகிறது. மழை நாளில் வேகமாகப் போகும் கார் தண்ணீர்மேல் மிதந்து வழுக்குமே, அதே சங்கதி. அங்கே விபத்து, இங்கே உயிர். பம்ப்பின் வேலை இடுக்குக்கு எண்ணெயை ஊட்டுவது மட்டும். ஊட்டுவது நின்றால் படலம் சில நொடிகளில் கலைந்துவிடும். பிறகு இரும்போடு இரும்பு, சூடு, உருகும் பேரிங், 'இன்ஜின் சீஸ்' என்ற அந்த இரண்டு வார்த்தை.

சம்ப் இல்லாமலும் இன்ஜின்கள் ஓடியிருக்கின்றன. முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களில் இன்ஜின் முழுவதுமே சுற்றும் வகை இருந்தது. அதில் எண்ணெய் திரும்பி வந்து தங்கத் தொட்டி கிடையாது. உள்ளே போனது புகையோடு வெளியே போக வேண்டியதுதான். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதற்காக அதற்கு ஆமணக்கு எண்ணெயை, அதாவது நம் விளக்கெண்ணெயை, ஊற்றினார்கள். திறந்த விமானத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் விளக்கெண்ணெய்ப் புகையை விழுங்கிய விமானிகளின் வயிறு என்ன ஆயிற்று என்பதைப் பாட்டி கையால் விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பட்டறைக்கு வருவோம். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும் மெக்கானிக் முதலில் செய்தது, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்ததுதான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே படுக்கக் கூடாது என்பதில் அவர் கறார். மிச்சமிருந்த எண்ணெயை ஒரு பழைய பக்கெட்டில் வடித்தார். ஒரு லிட்டர்கூடத் தேறவில்லை. பிறகு சைலன்ஸர் குழாயின் முன்பகுதியைக் கழற்றி ஒதுக்கினார். அதற்கப்புறம்தான் சம்ப்பைச் சுற்றியிருந்த போல்ட்டுகளுக்கு வந்தார். பத்தாம் நம்பர் ஸ்பானர், பதினெட்டு போல்ட்டு. மூலைக்கு ஒன்றாக நாலை மட்டும் இரண்டு மரை பிடிப்பில் விட்டுவைத்தார். இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் சம்ப் திடீரென்று பிய்ந்து மூஞ்சியில் எண்ணெயை ஊற்றும்.

உதவிக்கு இருந்த இளைஞன் ஸ்குரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பப் போனான். “டேய், வெச்சிடு அத” என்று ஒரு அதட்டல். ஸ்குரூ டிரைவர் நுனி போடும் ஒரு சின்னக் கீறல் போதும், நாளைக்கு அந்த வழியாகத்தான் எண்ணெய் கசியும். அகலமான பட்டித் தகடு ஒன்றை எடுத்து, பழைய பசையை அறுத்துக்கொண்டே சுற்றி வந்தார். சம்ப் கையோடு வந்தது.

இனி நடந்ததை என்னால் மறக்க முடியாது. கவிழ்க்காமல், தாம்பாளத்தை ஏந்துவதுபோலச் சம்ப்பை வெயிலுக்குக் கொண்டுவந்தார். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி, அடியில் தங்கியிருந்த கறுப்புக் குழம்புக்குள் துழாவினார். டாக்டர் நாடி பார்க்கிற முகம். ஒட்டி வந்தால் இரும்பு. பல்சக்கரமோ ரிங்கோ தேய்கிறது என்று பொருள். காந்தத்தில் ஒட்டாத வெள்ளைப் பளபளப்பு பிஸ்டனின் அலுமினியமாகவோ பேரிங்கின் மேல்பூச்சாகவோ இருக்கும். செம்பு நிறத் துகள் மின்னினால் விஷயம் முற்றிவிட்டது. பேரிங்கில் எஃகு முதுகின்மேல் செம்புக் கலவை, அதன்மேல் மெல்லிய மிருதுவான பூச்சு என்று அடுக்கு இருக்கும். செம்பு தெரிகிறதென்றால் மேலாடை கிழிந்து பனியன் தெரிகிறது. பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது ரேடியேட்டர் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்ஸர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். தினமும் கடைத்தெரு வரைக்கும் மட்டும் ஓட்டுகிற வண்டியில் எண்ணெய் சூடேறி அந்த ஈரம் உலர நேரமே கிடைப்பதில்லை. என் குழம்பில் அப்படி எதுவும் இல்லை. காந்தத்தில் மையைப் போல லேசான படிவு மட்டும். “வயசுக்கு நல்லா கீது” என்றார். வண்டியைத்தான் சொன்னார்.

அடி பட்ட இடத்தில் தகடு உள்ளே குழிந்து, குழியின் ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிசலைவிடக் குழிதான் பொல்லாதது என்று காட்டினார். வடிகட்டியின் வாய்க்கும் சம்ப்பின் தரைக்கும் நடுவே விரற்கடை இடைவெளிதான் இருக்கும். குழி மேலேறி அந்த வாயை அடைத்துக்கொண்டால், ஒரு சொட்டு ஒழுகாமலே இன்ஜின் பட்டினி கிடக்கும். கல் இடித்தது, ஒழுகவில்லை, ஒன்றுமில்லை என்று போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். என்னுடையது எஃகுத் தகடு என்பதால் தப்பித்தேன். எஃகு நசுங்கும், வார்ப்பு அலுமினியம் விரியும். அலுமினியமாக இருந்தால் ஆர்கான் வெல்டிங்குக்குத் திண்டிவனமோ விழுப்புரமோ அலைய வேண்டியிருக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கோடு நெருப்பு காட்டினால் ஆபத்து. சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் இரண்டு முறை கழுவிக் காயவைத்து, குழியைச் சுத்தியால் எடுத்து, கிழிசலைப் பித்தளை வைத்து கேஸ் வெல்டிங்கில் அடைத்தார். அடைபட்டதா என்று எப்படித் தெரியும்? வெளிப்பக்கம் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசினார். காய்ந்து வெளுத்ததும் உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றினார். ரேஷனிலேயே அரிதாகிவிட்ட சரக்கு, எங்கே பிடித்தாரோ. எண்ணெயைவிட மண்ணெண்ணெய் பல பத்து மடங்கு இளக்கமானது. கண்ணுக்குத் தெரியாத விரிசலிலும் ஊர்ந்துவிடும், ஊர்ந்தால் சுண்ணாம்பில் ஈரப் புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். மண்ணெண்ணெய் நின்றால் ஆயில் நிற்கும். அரை மணி நேரம் பார்த்தோம். ஒரு இடத்தில் மிளகளவு கறை. மறுபடி வெல்டிங்.

அந்த அரை மணியில் பட்டறையின் மறுகோடியில் நின்ற டிராக்டரைப் போய்ப் பார்த்தேன். இடுப்பில் வெட்டியது மாதிரி இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். காரில் சம்ப் வெறும் தொட்டி. எடுத்துவிட்டாலும் வண்டி நிற்கும். பல டிராக்டர்களில் அப்படி இல்லை. டிராக்டருக்குச் சேஸிஸ் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் ஆகிய வார்ப்புகளை ஒன்றோடொன்று போல்ட்டு போட்டு இறுக்கினால் அதுவே முதுகெலும்பு. ஹென்றி ஃபோர்டு 1917-இல் கொண்டுவந்த ஃபோர்ட்ஸன் பரப்பிய முறை இது. அதனால் பல டிராக்டர்களில் சம்ப் கனத்த வார்ப்பிரும்பில் இருக்கும், பாரமும் தாங்கும். சேற்றில் உழும்போது ஏற்படும் முறுக்கல் அதன் வழியாகவும் போகிறது. கழற்றுவதென்றால் முன்பக்கத்தைத் தனியே தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும். கார் சம்ப்பைக் கழற்றித் தேர்ந்த கை, அதே தைரியத்தில் டிராக்டரில் இறங்கக் கூடாது.

மாட்டுகிற வேலைதான் எனக்குப் பெரிய பாடம். கழற்ற அரை மணி, மாட்ட ஒரு நாள்.

பழைய வண்டிகளில் இந்த இடத்தில் தக்கைப் பேக்கிங் இருக்கும். தக்கை ஒரு விசித்திரமான பொருள். ரப்பரை அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும். தக்கை பிதுங்காது, உள்ளே காற்று அடைத்த நுண்ணிய அறைகள் மடங்கிக்கொள்ளும். பாட்டிலை அடைக்க அது வாய்த்ததும் இதனால்தான். ஆனால் வருஷக்கணக்கில் சூடு பட்டால் காய்ந்து சுருங்கிப் பொடிந்துவிடும். இப்போது பெரும்பாலும் சிலிக்கோன் பசை. கம்பெனிப் பெயரே பொதுப்பெயராகி, நம் பட்டறைகளில் 'அனபாண்ட் போடு' என்பார்கள்.

இறுகிய பிறகும் இழுபடுகிற பசை எதற்கு? என் இன்ஜின் பிளாக் அலுமினியம், சம்ப் எஃகு. அரை மீட்டர் நீளத்தில் 80 டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். எஃகு அதில் பாதிதான். ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு விளிம்புகளும் 0.4 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து திரும்புகின்றன. கல்லாக இறுகும் பசை என்றால் ஒரு மாதத்தில் விரிந்துவிடும்.

இரண்டு விளிம்புகளையும் பழைய பசை ஒரு இழைகூட இல்லாமல் சுரண்டி, தின்னர் துணியால் துடைத்துக் காயவிட்டார். போல்ட்டுத் துளையைச் சுற்றி விளிம்பு லேசாகப் புடைத்திருந்தது. முன்பு யாரோ வெறியோடு முறுக்கியதன் அடையாளம். புடைப்பு இருந்தால் போல்ட்டடியில் மட்டும் ஒட்டும், இரண்டு போல்ட்டுக்கு நடுவே வாய் பிளந்து நிற்கும். மரக்கட்டையில் வைத்துத் தட்டிச் சமனாக்கி, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு பசை. மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒரே கோடு, துளைகளின் உள்பக்கமாக, எங்கும் விட்டுப்போகாமல். 'கூடப் போட்டால் நல்லதுதானே' என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது புழு மாதிரி காய்ந்து தொங்கி, ஒருநாள் அறுந்து விழுந்து, வடிகட்டியின் வாயில் போய் உட்காரும். ஒழுகலை அடைக்கப் போய் இன்ஜினின் தொண்டையை அடைத்த கதைகள் அவரிடம் நிறைய இருந்தன.

போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்கினார்கள். இந்த ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வேண்டியது சுமார் 10 நியூட்டன்-மீட்டர் முறுக்கு. ஒரு சாண் ஸ்பானரின் நுனியில் ஐந்தாறு கிலோ அழுத்தம் கொடுத்தால் அது வந்துவிடும். சின்ன விசை என்று தோன்றும். மரை ஒரு சாய்தளம் என்பதால் அந்தச் சின்ன முறுக்கு போல்ட்டடியில் கிட்டத்தட்ட 800 கிலோ இறுக்கமாகப் பெருகுகிறது. பதினெட்டு போல்ட்டுக்கு என்ன கணக்கு என்று பாருங்கள். இதற்கு மேலும் 'இன்னொரு பிடி' போடுகிறவர்கள்தான் அலுமினிய பிளாக்கில் மரையைக் கழற்றிவிடுகிறார்கள். வடிகால் போல்ட்டின் செம்பு வாஷரை அவர் மாற்றவில்லை. அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். நசுங்கி நசுங்கிக் கெட்டிப்பட்ட செம்பு, சூட்டில் அதன் படிகங்கள் புதிதாக அமைந்து மறுபடி மிருதுவாகிவிடும். எஃகைப்போலத் தண்ணீரில் போட்டால் இறுகாது. தட்டான்மார்களுக்கு என்றோ தெரிந்த வித்தை.

மாலை ஐந்து மணி. ஆயிலை ஊற்றிக் கிளம்பலாம் என்று பார்த்தேன். “காலைல வாங்க சார். ராத்திரி பூரா காத்து குடிக்கணும் அது.” சொல் நயமாக இருந்தாலும் அறிவியல் அப்பட்டம். இந்தச் சிலிக்கோன் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. வெளித்தோல் பத்து நிமிஷத்தில் படியும். உள்ளே இறுக்கம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேகத்தில்தான் ஊடுருவும். மரக்காணம் கடற்கரை முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். கடல் பக்கத்து ராத்திரிப் புழுக்கத்தை நாம் திட்டுவோம், பசைக்கு அது சாப்பாடு. வாங்கும்போது மூக்கையும் பயன்படுத்துங்கள். காடி வாடை அடிக்கிற வகை இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. குளியலறைக் கண்ணாடிக்குச் சரி, இன்ஜினுக்கு அமிலம் விடாத வகைதான் வேண்டும்.

காலையில் மூன்றரை லிட்டர் புது எண்ணெய், புது ஃபில்டர். பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை உருவிவிட்டு, இன்ஜின் பிடிக்காமல் பத்துப் பத்து நொடி மூன்று முறை கிராங்க் செய்தார். சிவப்பு விளக்கு அணைந்ததும்தான் ஃபியூஸ் உள்ளே போனது. காய்ந்து கிடந்த பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்த பிறகே வேலை கொடுக்க வேண்டும். வடித்த பழைய எண்ணெய் பின்பக்க டிரம்முக்குப் போனது. சென்ட்ரிங் பலகைக்குத் தடவ மேஸ்திரிகள் வந்து கேட்பார்களாம். 2016-ஆம் ஆண்டின் விதிகள் பழைய இன்ஜின் எண்ணெயை அபாயக் கழிவுப் பட்டியலில் வைத்திருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். நான் அவருக்கு இதை உபதேசிக்கவில்லை. இரண்டு லிட்டருக்கு மேல் ரோட்டிலேயே கொட்டிவிட்டு வந்தவன் என்ன வாயைத் திறப்பது?

இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் நிதானமாக ஏறி இறங்க வேண்டும். நம் கார்களின் வயிற்றுக்கும் சாலைக்கும் 16, 17 சென்டிமீட்டர் இருக்கும். ஐந்து பேரும் ஆறு தர்பூசணியும் ஏறினால் அதில் கொஞ்சம் குறையும். அளவுப்படி கட்டியிருந்தால் அப்போதும் இடிக்காது. என்னை இடித்தது இரண்டு முழ அகலத்தில் கூர்மையாக எழும்பிய ஒரு மேடு.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். இன்னும் வெள்ளையடிக்கவில்லை. ஒலக்கூரில் உள்சாலைக்குத் திரும்புகிறவர்கள் மெதுவாகப் போங்கள். சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கினாலும், பட்டறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும், இன்ஜினை அணைத்துவிட்டுக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.